நாற்பத்து நான்கு

ஓவிய ஆசிரியர் பணியிடம்
ஏழாண்டாகக் காலி.
ஆகவே கலைப் பயணத்துக்குக்
கணக்கு வாத்தியார் போதும் என்று
தலைமையாசிரியை ஃபிலோமினா கையெழுத்திட்டார்.
எனக்குத் தெரிந்த கலை ஒன்றுதான்:
தலை எண்ணுவது.

கொழிஞ்சாம்பாறையில், விடியுமுன், நாற்பத்து மூன்று.
குதிரான் சுரங்கத்தில் ஜன்னல் வழியே கத்தி
அவரவர் குரலை அவரவர் திருப்பி வாங்கிக்கொண்ட பிறகும்
நாற்பத்து மூன்று.
ஆலுவாப் பாலத்தருகே நிசார் வாந்தியெடுத்தான்.
அவனையும் சேர்த்துத்தான்.

மட்டாஞ்சேரியில் ஒரு பழைய மிளகுக் கிடங்கு.
சுவரில் இன்னும் காரம் மிச்சமிருந்தது, தும்மினோம்.
முதல் அறையில் ஒரு திரை, திரையில் கடல்.
ஜன்னலுக்கு வெளியேயும் கடல்.
எதைப் பார்க்கணும் மாஷே, என்றான் பெனடிக்ட்.
டிக்கெட் எதுக்கு வாங்கினோமோ அதை, என்றேன்.
இப்போது வெட்கமாக இருக்கிறது.

இரண்டாம் அறை இருட்டு.
நுழைந்ததும் எண்ணினேன்.
நாற்பத்து நான்கு.
பின்னாலிருந்து எண்ணினேன். நாற்பத்து நான்கு.
குறைந்தால் என்ன செய்வதென்று
சுற்றறிக்கையில் போட்டிருக்கிறது.
கூடினால்?

பெஞ்சின் ஓரத்தில் சுவரைப் பார்த்து
முதுகு கூனி உட்கார்ந்திருந்தது அது.
சாக்கைத் தைத்துச் செய்த ஆள்.
மேலே ஒரு விளக்கு, அதுவும் அரைமனதாக.
பக்கத்தில், இடம் காலியாக இருந்ததால்,
ஏழாம் வகுப்பு ஜெசிந்தா உட்கார்ந்திருந்தாள்.

தொடக்கூடாது என்று
மூன்று மொழியில் எழுதியிருந்தார்கள்.
தமிழ் அதில் இல்லை.
தொட்டாள்.
தோளில் சாயம் போன முத்திரையை
விரலாலேயே எழுத்துக்கூட்டினாள்.
வே. ல. ந். தா.
"மாஷே, இது நம்ம வேலந்தாவளம் சாக்கு.
செக்போஸ்ட் பக்கத்துல அப்பா இறக்குற லோடு."

அந்தக் கட்டடத்தில் அன்றைக்குத்
தமிழில் இருந்தது அவ்வளவுதான்.
மற்ற நாற்பத்திரண்டு பேரும் வந்து
ஒருவர் தோள்மேல் ஒருவர் எட்டி அதைப் படித்தார்கள்.
காவலுக்கு நின்றவர் வாய் திறந்தார்,
மூடிக்கொண்டார்.
"ஆனா தப்பா உக்காந்திருக்காரு," என்றாள் ஜெசிந்தா.
"எறங்க வேண்டியது வலது தோள்."

தை மாதம் அதைத் தைத்தவரே
பள்ளிக்குப் பேச வந்தார். வல்சலா, வடகரைக்காரர்.
மலையாளத்தை உடைத்து உடைத்து
ஊட்டிவிடுவதுபோலப் பேசினார்.
எங்களுக்கு மலையாளம் நன்றாகப் புரியும்,
எல்லா சினிமாவும் பார்க்கிறோம்,
சொல்ல யாருக்கும் மனம் வரவில்லை.
மூன்றாவது படத்தில் கரண்ட் போயிற்று.
சமையலறையிலிருந்து சாம்பார் வாசனை
உரையை விட வேகமாக வந்தது.
கேள்வி உண்டா, என்றார்.

"சாக்கு என்ன வெலைக்கு வாங்குனீங்க?"
பதினெட்டு ரூபாய்.
"ஓட்ட விழுந்த சாக்கு
எங்கப்பா வித்தா ஒம்பதுதான் தருவாங்க."

கூடம் சிரித்தது. வல்சலா சிரிக்கவில்லை.
குறிப்பேட்டைத் திறந்து எதையோ எழுதினார்,
அடித்தார், மறுபடி எழுதினார்.
வலது தோள் என்று சொன்ன பிள்ளை யார்,
காவல்காரர் என்னிடம் சொன்னார், என்றார்.

ஜெசிந்தா மேடையேறினாள்.
இல்லாத மூட்டையை இறக்கினாள்.
இல்லாத துண்டால் பிடரியைத் துடைத்தாள்.
பிறகு, ஸ்டூலில் இல்லை, தரையில்,
ஒரு காலை மடக்கி ஒரு காலை நீட்டி
வலது தோள் இறங்க உட்கார்ந்தாள்.
அப்பா அப்படித்தான் உட்காருவார் போலிருக்கிறது.
மின்விசிறி திரும்பச் சுற்ற ஆரம்பித்தது.
படம் காட்டும் பெட்டி அவள் முதுகில்
நீல வெளிச்சத்தை ஊற்றிக்கொண்டிருந்தது.
போதும், எழுந்திரு என்று
ஒருவரும் சொல்லவில்லை.

சித்திரையில் தணிக்கைக்கு வந்தவர்
பயணப் பதிவேட்டில் விரல் வைத்தார்.
மட்டாஞ்சேரி, பதினொன்று இருபது: 44.
அடிக்கவும் இல்லை, திருத்தவும் இல்லை.
யார் இந்தக் கூடுதல் ஆள்?

நம்ம பக்கத்து ஆள்தான் சார், என்றேன்.
பஸ்ஸில் ஏறவில்லை.
சோற்றுக் கணக்கில் பாருங்கள்,
நாற்பத்து மூன்றுதான்.